உடனிருப்பவர்

மருத்துவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

“இதுக்குப் பின்னால இருக்கிறதுதாம்மா ‘வேண்டாம்’னு தடுக்கிற பகுதி. அது முழுசா முதிர இருபத்தஞ்சு வயசாகும். அதுக்குள்ள இவரு மாத்திரைக்குப் பழகிட்டாரு. இப்போதைக்கு இவர் எடுக்கிற முடிவ நம்பாதீங்க.”

அவள் பக்கத்தில் இருந்த மாமியாரின் முகம் தெளிந்துவிட்டது. கணவன் தரணிக்கு இருபத்து மூன்று முடிந்திருந்தது.

“இன்னும் ரண்டே வருசந்தானுங்களா?”

பழுக்கப் போட்ட மாங்காயை விசாரிப்பது போல இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு கால்கட்டுப் போட்டால் பையன் திருந்திவிடுவான் என்றுதான் தையில் கல்யாணத்தை முடித்தார்கள். வலி மாத்திரை விஷயத்தில் மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கட்டு என்னவோ அவள் காலில்தான் விழுந்தது.

இவனை இங்கே சேர்த்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்றிருந்தாள். திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. விட்ட படிப்பைத் தொடர அதுதான் கடைசி நாள்.

ஆனால் இந்தப் போதை மீட்பு வார்டில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்கியே ஆகவேண்டுமாம். இருபத்தொரு நாள். இரும்புக் கதவின் பூட்டு இருவருக்கும் சேர்த்துத்தான்.

மருத்துவர் படிவத்தை நகர்த்தினார்.

“பொண்டாட்டி இருக்கறப்ப வேற ஆரு இருப்பாங்க? போடு கண்ணு,” என்று மாமியார் பேனாவை அவள் கையில் திணித்தார்.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த தரணி நிமிர்ந்தான்.

“போடாத. நீ படிக்கப் போ.”

கல்யாணமான ஐந்து மாதத்தில் அவளுக்காக அவன் சொன்ன முதல் வார்த்தை.

அவள் பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

உடனே சந்தேகமும் வந்தது. கையெழுத்து இல்லையென்றால் அவனைச் சேர்க்க மாட்டார்கள். சாயங்காலத்துக்குள் எங்கேயாவது மாத்திரை வாங்கிவிடுவான்.

பேசியது அவனா, மாத்திரையா?

“அவம் பேச்ச நம்பாதீங்கன்னு டாக்டரே சொல்லீட்டாருல்ல?” என்றார் மாமியார்.

“நீங்களே யோசிச்சு முடிவெடுங்கம்மா,” என்றார் மருத்துவர்.

மூன்று பேரும் அவள் கையையே பார்த்தார்கள்.

உடனிருப்பவர் பெயர். எழுதினாள்.

நோயாளிக்கு என்ன உறவு. அதையும் எழுதினாள்.

வயது.

பத்தொன்பது என்று எழுதினாள். இருபத்தைந்துக்கு இன்னும் ஆறு வருடம். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தாள்.