பழைய வடிகட்டி

"கழட்டினதை எல்லாம் திரும்ப மாட்டிடு, ஆர்லன்."

கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்த ஆர்லன் நிமிர்ந்து பார்த்தான். ஷெட் வாசலில் ராய்ஸ் நின்றிருந்தான். பூட்ஸெல்லாம் பனி. முகத்தில் நாலு நாள் தாடி. மாடு ஏற்றும் டிரெய்லரை எங்கேயோ கழற்றிவிட்டு, லாரியை மட்டும் ஓட்டி வந்திருந்தான். அது வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

"எதை மாட்டணும்?"

"புகை வடிகட்டி, யூரியா டாங்கி, சென்சார், ஒயர், எல்லாம்தான். கம்ப்யூட்டர்ல பழைய புரோகிராமையும் ஏத்திடு. ரெண்டு வருஷம் முன்னால நீ என்னென்ன பண்ணினியோ, அத்தனையையும் இல்லேன்னு ஆக்கிடு."

ஆர்லன் சிரித்துவிட்டான். மொன்டானாவின் அந்த மூலையில் முப்பது வருடமாக லாரி பழுது பார்க்கிறான். புகையைச் சுத்தப்படுத்த லாரியில் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லும் அந்தச் சாமான்களைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, அழுதவர்களும் உண்டு. மாட்டச் சொல்லி ஒருத்தன் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"காலங்கார்த்தால குடிச்சிருக்கியாடா?"

"இல்லை."

"அந்தச் சனியனால பட்ட பாடு மறந்து போச்சா? பில்லிங்ஸ் போற வழியில, பனிப்புயல்ல, சென்சார் கெட்டு மஞ்ச விளக்கு எரிஞ்சு, கம்ப்யூட்டரே வண்டியை அஞ்சு மைல் வேகத்துக்கு இறக்கி... பின்னால நாற்பது மாடு கத்திக்கிட்டு நின்னுச்சே! மூணு விறைச்சே செத்துச்சு. மறுநாள் இதே கதவை உதைச்சு, 'அறுத்து எறிடா, ஜெயிலுக்கு நான் போறேன்'னு கத்தினவன் யாரு?"

"நான்தான்."

அதற்கப்புறம் அந்த லாரி ஒரு நாள்கூட நின்றதில்லை. ராய்ஸும்தான். சட்டென்று ஆர்லனுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. வெளி கேட்டை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"சோதனைக்காரன் எவனாவது பிடிச்சானா? என் பேரைச் சொல்லிட்டியா?"

"யாரும் பிடிக்கலை. பிடிச்சாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப சரி. புதுசா வரவழைச்சு மாட்டறேன். பத்து நாள் ஆகும்."

"புதுசு வேணாம். அந்தப் பழசையே போடு. தூக்கி எறியலைதானே?"

"பின்னாடி இரும்புக் குப்பையோட கிடக்கு. ஆனா அதுல என்ன இருக்கு? உள்ளே தேன்கூடு மாதிரி இருக்குமே, அது உருகி அடைச்சுப் போச்சு. சென்சார் ரெண்டும் செத்தாச்சு. அதை மாட்டினா உன் வண்டி ஊர் எல்லையைத் தாண்டாது."

"வீடு வரைக்கும் போகுமா?"

"அது போகும்."

"அது போதும். போடு."

ஆர்லனின் முகம் மாறியது. கெட்டுப்போனதை வேண்டுமென்றே மாட்டச் சொல்கிறவன் எதற்குச் சொல்வான் என்று அவனுக்குத் தெரியாதா?

"ஓஹோ! விக்கப் போறியா? வாங்கறவன் குனிஞ்சு பார்த்தா எல்லாம் இருக்கிற மாதிரி இருக்கணும். பணத்தை எண்ணிக் குடுத்துட்டுப் போய் நடுரோட்டுல நிக்கணும். இல்லே? வேற ஆளைப் பாருடா. நான் சட்டத்தை மீறியிருக்கேன், ஒருத்தன் வயித்துல அடிச்சதில்லை."

"விக்கலை, ஆர்லன்."

"பின்னே, யாரை ஏமாத்தப் போறே?"

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான்.

"வெர்னாவை."

வெர்னா அவன் மனைவி. பதினோரு வருடம் அதே லாரியில் அவனோடு மாற்றி மாற்றி ஓட்டியவள். முதுகு வலி என்று போன கோடையில்தான் வீட்டோடு தங்கிவிட்டாள்.

"அவளையா? ஏன்டா, வக்கீல்கிட்ட போயிட்டாளா?"

"சே, அதெல்லாம் இல்லை." ராய்ஸ் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தான். "கொஞ்ச நாள் நான் வீட்டில இருக்கணும். அவ விட மாட்டேங்கறா. லோடு காத்துக்கிட்டிருக்கு, கிளம்பு கிளம்புன்னு விரட்டறா. நேத்து என் பையை என்னையே எடுத்து வாசல்ல வைக்கச் சொல்லிட்டா. வண்டி படுத்துட்டா மட்டும்தான் ஒண்ணும் பேச மாட்டா. அந்தச் சென்சாருக்காகக் காத்துக் கிடந்த நாள்லதான்டா நாங்க ஒண்ணா உட்கார்ந்து சீட்டாடியிருக்கோம். அதைத்தான் நான் சனியன்னு திட்டினேன்."

"இதுக்காடா இவ்வளவு? ரிப்பேர்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டுப் போயேன்."

"அவகிட்டயா? 'எங்கே, ஸ்டார்ட் பண்ணு பார்ப்போம்'பா. படுத்த இடத்திலிருந்தே சத்தத்தைக் கேட்டு எது போச்சுன்னு சொல்லிடுவா. வண்டி நிஜமாவே நிக்கணும்."

ஆர்லனுக்குக் கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்தது. இருபது வருடம் குடித்தனம் நடத்தியவன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார என்ன நாடகம் போடுகிறான்! ராய்ஸின் தோளில் ஒரு தட்டு தட்டினான்.

"சரி, எழுந்து வா. அது கனம், ரெண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கணும். உதிரி பாகம் வர மூணு மாசம் ஆகும்னு வெர்னாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். மூணு மாசம் போதுமா, புது மாப்பிள்ளை?"

ராய்ஸ் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டான்.

"அவ்வளவெல்லாம் தேவைப்படாது, ஆர்லன். டாக்டர் அவளுக்கு ஆறு வாரம்தான் கெடு சொல்லியிருக்கார்."