டெக்லனின் பூட்டன்

மல்வேர்ன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாலை வெயில் சரிந்து கிடக்கிறது. துர்க்காவைக் கல்யாணம் கேட்டு வந்திருக்கும் டெக்லன், போனமுறை அவள் தகப்பன் 'எந்த ஊர்?' என்று கேட்டதற்குப் பதிலாக, அந்த வெளிச்சத்தில் ஒரு தாளை விரிக்கிறான். இதே ஒன்ராறியோவில் தன் பாட்டன் பண்ணைக்கு இட்டிருந்த பெயரை வைத்து, அதே பெயருள்ள சிற்றூரை அயர்லாந்தில் தேடிப்பிடித்திருக்கிறான். அங்குள்ள தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவில் பாட்டனின் தகப்பனான பூட்டன் கிடைத்துவிட்டார். இவ்வளவு அக்கறையாகத் தன் ஊரை விசாரித்த மனிதர் வேறு இல்லை என்று அவன் முகம் மலர்ந்திருக்கிறது. துர்க்காவின் தகப்பன் நவரட்ணம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பவரைப்போல அந்தத் தாளைப் பார்க்கிறார்.

"ஊர் சரி. உவையள் அங்கை என்ன ஆக்கள் எண்டு கேள் பிள்ளை. காணிக்காரரோ, கூலிக்காரரோ?"

போருக்குத் தப்பி ஊரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த மனிதர் இந்தக் கேள்வியை மட்டும் கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். கேட்டுவிட்டுத் தேநீர்க் கோப்பையைத் தாளின் மேலேயே வைக்கிறார். அப்பா என்ன கேட்கிறார் என்று டெக்லன் ஆவலோடு துர்க்காவைப் பார்க்கிறான். அவள் அவனிடம் எதுவும் கேட்காமலே கோப்பையைத் தூக்கி அப்பால் வைத்து, பூட்டனின் பெயரைச் சுற்றிப் படிந்த ஈரவட்டத்தைச் சட்டைக் கையால் ஒற்றுகிறாள்.

"கூலிக்காரர்தான், அப்பா. நான் அவையளிட்டைத்தான் போறன்."

தாளை மடித்துக்கொண்டு போய், கதவடியில் தொங்கும் தங்கள் இருவரின் குளிர் ஜக்கெற்றுகளையும் சேர்த்து எடுக்கிறாள். ஒன்றும் விளங்காத டெக்லன் எழுந்து, அவள் பழக்கிவிட்ட தமிழில், "நன்றி அங்கிள்" என்று கையை நீட்டுகிறான்.