மேல் வீட்டுக் குப்பை

வாஷ்பேசினுக்கு அடியில் கழிவுநீர் தேங்கி இறங்கும் பித்தளைக் கிண்ணத்தைப் பிளம்பர் கழற்றியதும் குப்பென்று நாற்றம் அடித்தது.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு குளியலறை வாசற்படிவரை பின்வாங்கினாள்.

பிளம்பர் கொஞ்சமும் அசரவில்லை. உள்ளே அடைத்திருந்ததை வெறுங்கையால் வழித்து வாளியில் போட்டார். முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடியும் கையை விட்டார். சீ, இவனெல்லாம் எப்படித்தான் இந்தக் கையால் சாப்பிடுகிறானோ என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வழக்கமாக வருகிறவர் ஊரில் இல்லை. தெருமுனை ஹார்டுவேர் கடை வாசலில் வேலைக்குக் காத்திருந்த இவரை வாட்ச்மேன் கூட்டிவந்து விட்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வந்ததிலிருந்து பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

அது மகளின் அறையோடு சேர்ந்த குளியலறை. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். மூன்று நாளாகப் பேசினில் தண்ணீர் இறங்காமல் குட்டை மாதிரி நின்றது.

வாளியை எட்டிப் பார்த்தாள். ஊறிப்போன சோற்றுப் பருக்கைகள், பாதி மென்ற காய்த்துண்டுகள், மேலே வழவழவென்று ஏதோ ஒன்று.

மேல் வீட்டுக்காரியின் வேலைதான் இது, வேறு யார்?

இரண்டு வருடப் பகை. அவர்கள் வீட்டு ஈரத்துணி சொட்டுவது இவள் காயப்போட்ட துணிமேல். அவர்கள் பால்கனியைக் கழுவினால் இவள் பால்கனி நாறும். கேட்டால், சாட்சி இருக்கிறதா என்பாள் அந்தப் புண்ணியவதி. இதோ, வாளி நிறைய இருக்கிறதே சாட்சி.

முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை மட்டும் நீட்டி வாளியை மூன்று போட்டோ எடுத்தாள். அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் நாற்பது குடும்பங்கள். 'எங்கள் தலையில் தினமும் எதைக் கொட்டுகிறார்கள் என்று எல்லோரும் பாருங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆத்திரம் தீரத் தட்டினாள். இன்றைக்கு மேல் வீட்டுக்காரியின் மானத்தை வாங்காமல் விடுவதில்லை.

"அனுப்பாதீங்கம்மா," என்றார் பிளம்பர், தலையைத் தூக்காமலே. "மேல் வீட்டுக் குழாய் சுவத்துக்குள்ள தனியா இறங்குது. இதுல இந்த பேசின் தண்ணி மட்டுந்தான் வரும்."

ஆளுக்கு வேலை தெரியவில்லை, சமாளிக்கிறான் என்று நினைத்தாள். சமையலறை இருக்கும்போது யாராவது இங்கே வந்து சோற்றைக் கொட்டுவார்களா? அதுவும் அவள் மகள் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காதவள். பரிமாறியதை எல்லாம் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அவர் அந்தக் கிண்ணத்தைக் கழுவி வெளிச்சத்தில் காட்டினார். பளபளப்பு உரிந்து, உட்பக்கம் முழுக்கப் பொத்தல் பொத்தலாக அரித்திருந்தது.

"மாட்டி எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு வருஷம்கூட ஆகல."

"சோப்புத் தண்ணிக்கு இப்படி அரிக்காதும்மா. வயித்துலேர்ந்து வர்ற புளிப்புக்குத்தான் அரிக்கும்."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. வாளியைப் பார்த்து, அந்த ஆளின் விரல்களைப் பார்த்து, கண்ணாடிக்குக் கீழே வரிசையாக நின்ற மகளின் சீப்பையும் கிரீம் டப்பாவையும் பார்த்தாள். பெற்ற பெண்மேலேயே முதலில் அருவருப்புதான் வந்தது. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

"சாப்பிட்டதும் உள்ள போய், வாந்தி எடுக்கிற சத்தம் வெளிய கேக்காம இருக்க, குழாயைத் திறந்து விட்டுக்குவாங்க. உங்க காதுல எதுவும் விழலியா?"

"இல்லயே," என்றாள்.

அவர் புதுக் கிண்ணத்தை மாட்டினார். குழாயைத் திறந்து, சொட்டுகிறதா என்று அடியில் தடவிப் பார்த்தார். தண்ணீர் சுழித்துக்கொண்டு ஒழுங்காக இறங்கியது.

அவள் பிளீச்சிங் பவுடரைத் தேடினாள். அந்த இடத்தையே தேய்த்துக் கழுவி ஒரு சுவடில்லாமல் ஆக்கிவிட வேண்டும்போல இருந்தது.

"எங்க வீட்டுலயும் இதே மாதிரிதான் அடைச்சுது," என்றார் அவர், குழாயிடம் சொல்வதுபோல. "நானே எடுத்தேன். எடுத்துட்டு, கழுவி மாட்டிட்டு, ஒண்ணும் பேசாம இருந்துட்டேன்."

பிறகு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை.

வாளியை அவரே தூக்கிக்கொண்டார். வெளிக்கதவருகே போனவர் நின்று, முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ணு வந்ததும் இந்த மூஞ்சியோட மட்டும் போய் நிக்காதீங்கம்மா."

கதவைச் சாத்திவிட்டு, தட்டிவைத்ததை அழித்தாள். மூன்று போட்டோக்களையும் அழித்தாள். மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அதற்கு எரிச்சல்கூட வரவில்லை. தன்னை நினைத்தால்தான் சகிக்கவில்லை.

அந்த மனிதரிடம் சொன்னது பொய்.

ஆறு மாதமாகத் தினமும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது, குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில். மகள் இளைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் இப்படி இளைக்க என்ன செய்தீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதனால், ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் வரும்போது, ரிமோட்டை எடுத்து டிவியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தாள்.