மாற்று ஏற்பாடு

"ஜூஸை இன்னொரு சுத்து விடச் சொல்லு" என்றாள் வாக்கிடாக்கியில்.

"ரெண்டு சுத்து விட்டாச்சு. இன்னும் குடுத்தா கூட்டம் பூரா பாத்ரூம் வாசல்லதான் நிக்கும்" என்றான் நெட்டையன்.

நெட்டையன் அவளோடு நிகழ்ச்சி மேலாண்மை படித்தவன். படித்துவிட்டு இருவரும் ஒரே நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அவள் அடைந்து கிடக்க, வெளியே அவளுக்குக் கண், காது, கால் எல்லாம் அவன்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கர். பாடகர் குரலை உயர்த்தும்போதெல்லாம் அறையிலிருந்த கண்ணாடி நடுங்கியது.

மாப்பிள்ளை இன்னும் வரவில்லை.

"அந்த மனுஷன் ஏன் இப்படி உருகுறாரு? இழவு வீடா இது? கை தட்டுற மாதிரி ஏதாவது பாடச் சொல்லு."

சாயங்காலத்திலிருந்தே எதுவும் உருப்படியாக நடக்கவில்லை.

வெள்ளைப் பூ கேட்டால் மஞ்சள் பூ வந்து இறங்கியது. பேனரில் பெண்ணின் பெயரிலிருந்து ஒரு துணைக்காலை விழுங்கிவிட்டார்கள். வாசித்தால் வேறு யாருக்கோ கல்யாணம். யாரோ ஒரு புண்ணியவான் குழந்தைகளுக்கு முன்கூட்டியே ஐஸ்கிரீமைக் கொடுத்துவிட, அதுகள் நாற்காலிகளுக்கு நடுவில் வழுக்கி விளையாடிக்கொண்டிருந்தன.

நேரில் போய் நாலு பேரை அதட்டினால் வேலை நடக்கும். போக முடியாமல் உள்ளுக்குள் பற்றி எரிந்தது அவளுக்கு.

"இந்தக் கல்யாணத்தை மட்டும் நீ எடுக்காதேம்மா. வேற யாராவது பாத்துக்கட்டும்" என்று முதலாளியம்மா அப்போதே சொன்னார். இவள்தான் ஒற்றைக்காலில் நின்றாள். பயிற்சி முடிவதற்குள் ஒரு நிகழ்ச்சியை முழுக்கத் தனியாக நடத்திக் காட்ட வேண்டும். இதை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

மழை வந்தால், கரண்ட் போனால், சமையல்காரர் கோபித்துக்கொண்டு கரண்டியை வீசிவிட்டுப் போனால், எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வராவிட்டால் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

மாப்பிள்ளையின் அண்ணன் முதலில் "கிளம்பிட்டோம்" என்றார். அப்புறம் "டிராஃபிக்" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. மாப்பிள்ளையின் போன் அணைந்தே கிடந்தது.

கதவு லேசாகத் திறந்தது. பெண்ணின் அப்பா தலையை நீட்டினார். வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு? எங்க வந்துட்டு இருக்காங்களாம்?"

"பக்கத்துல வந்துட்டாங்களாம். நீங்க போய் வாசல்ல நில்லுங்க."

பொய். அதை அவர் நம்பிப் போனதைப் பார்த்ததும் அவளுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

போன் அடித்தது. மாப்பிள்ளையை அழைத்துவரப் போன கார் டிரைவர்.

"மேடம், காரைத் திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. அவங்கம்மாதான் வெளிய வந்து சொன்னாங்க. பையன் வரமாட்டானாம்."

"ஏனாம்?"

"கேட்டேன் மேடம். கதவைச் சாத்திட்டாங்க."

போனைக் கீழே வைத்தாள். பிறகு வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"மாப்பிள்ளை வரலயாம். நான் சொல்றதக் கேளு. முதல்ல வீடியோக்காரங்களைக் கேமராவை அணைக்கச் சொல்லு. சாப்பாட்டு ஹால் கதவைத் திற. அப்பாவை வாசல்லேருந்து கூட்டிட்டு வந்து ஓரமா உக்கார வச்சு, தண்ணி குடு. நீ அவர் பக்கத்துலயே இரு. நகராதே."

நெட்டையன் யாரிடமோ சாப்பாட்டு ஹால் கதவைத் திறக்கச் சொல்வது கேட்டது.

"கூட்டத்துக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீயா? வேணாம். நான் முதலாளியம்மாவை வரச் சொல்றேன்."

"பொறுப்பு யாருதோ அவங்கதான் மைக்கை எடுக்கணும். அந்த வகுப்புல தூங்கிட்டியா?"

வாக்கிடாக்கியை மேசைமீது வைத்தாள். கதவைத் திறந்தாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் ஏறினாள்.

கூடத்து விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. மேலிருந்து ஒற்றை வெள்ளை வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. கீபோர்டு மெல்லத் தொடங்கியது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசையில் யாரோ விசில்கூட அடித்தார்கள்.

மணப்பெண்ணாகத் தான் மேடையேறியதும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று அவள்தான் சொல்லி வைத்திருந்தாள். அதை நிறுத்தச் சொல்ல மறந்துபோயிருந்தது.

சாயங்காலத்திலிருந்து சொன்னது சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான்.

கைதட்டல் ஓயும்வரை நின்றாள். பிறகு மைக்கை எடுத்தாள்.

"யாரும் சாப்பிடாம போகக் கூடாது" என்று ஆரம்பித்தாள்.