கோணல் பொட்டு

தணிகாசலத்தின் நுரையீரல் புற்றுநோய் எந்த மருந்துக்கும் மசியவில்லை. அவரை அப்படியே கம்ப்யூட்டரில் நகலெடுத்து, நோய் எதிர்ப்பைத் தூண்டும் புது ஜோடி மருந்தை முதலில் அந்த நகலுக்குத்தான் ஏற்றினார்கள். நகல் தேறியது. மருந்து நிஜ ஆசாமிக்கு வந்து சேர்வதற்குள் ஆசாமி போய்விட்டார்.

“அவர் போனது நகலுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும்மா. சோதனையே பாழ். பின்னாடி எத்தனை பேர் காத்திருக்காங்க!” என்று அவர் மனைவி வத்சலாவிடம் சொன்னார் டாக்டர் ரெஜினா.

காரியம் முடிந்த மறுநாள், வத்சலா ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தாள்.

“இருமலே இல்லடி!” என்று சிரித்தது நகல். “ஒரிஜினலுக்கும் ஊசி போட்டாச்சா?”

“போட்டாச்சுங்க. நல்லா இருக்கார்.”

“அப்புறம் ஏன்டி பொட்டு கோணலா இருக்கு? தினம் அதை நேராக்கி விடறது அவன் வேலையாச்சே?”