அடிபம்புத் தண்ணீரின் அவசரம்

பரிசோதனைக்கூடத்தில் இரண்டு புட்டிகள் அடுத்தடுத்து நின்றன. ஒன்றில் பள்ளிக்கூடத்து அடிபம்புத் தண்ணீர். மற்றதில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, தண்ணீர் எடுக்கப் போகும் ஊருக்கெல்லாம் கூடவே கொண்டுபோய்வரும் சுத்த நீர்.

“என்னை எப்போது திருப்பி அனுப்புவார்கள்?” என்று பம்புத் தண்ணீர் கேட்டது. காலையிலிருந்து இது பதினொன்றாம் தடவை.

“அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?”

“அறுபத்து மூன்று பிள்ளைகள். கடைசியாக வருகிறவள் செவந்தி. கைப்பிடி எட்டாது. எம்பிப் பிடித்துத் தொங்கி அடித்துவிட்டு, ஓடிவந்து கையைக் குவித்து என்னைப் பிடிப்பாள்.”

“கொடுத்து வைத்த தண்ணீர் நீ. நான் நாற்பத்தொரு ஊர் போய்வந்தேன். ஒரு வாய் குடித்தவர் இல்லை.”

சோதனை செய்யும் அம்மா இரண்டையும் இயந்திரத்தில் கொடுத்துப் பார்த்தார். சுத்த நீரில் ஒன்றுமில்லை. பம்புத் தண்ணீரில் காரீயம், அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு. அதைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டினார்.

“காரீயம் என்ன செய்யும்?”

“குடிக்கிற பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும்” என்றது சுத்த நீர், தயங்கித் தயங்கி. “இன்னும் போக ஆசையா?”

“ஆசை போகவில்லையே. இப்போது மணி என்ன?”

“பதினொன்றே கால்.”

“ஐயோ, சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் பம்புக்கு வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம்தான். அந்த உறையை யாராவது எடுத்துக்கொண்டு ஓடுங்களேன்!”