டேட்டன் டார்லா

வானொலியில் ரசிகர்கள் ஃபோனில் பேசும் பேஸ்பால் அரட்டை நேரம்.

"மறுபடியும் டேட்டன் ஊர் டார்லாவா? நிஜப் பேரைத்தான் சொல்ல மாட்டீங்க, விஷயத்தையாவது சொல்லுங்கம்மா," என்றார் அறிவிப்பாளர் வெர்ன்.

"அந்தப் புதுப் பந்துவீச்சாளன் ட்ரென்டை அணியிலேர்ந்து தூக்கச் சொல்லுங்க. சுத்தத் தண்டம்! ரசிகர்கள் கத்தினாத்தான் நிர்வாகம் அசையும்."

"நாளைய நட்சத்திரம்னு ஊரே கொண்டாடுது. உங்களுக்கு மட்டும் என்ன பகை? உங்க பொண்ணை ஏமாத்திட்டானா?"

"அவனை வீட்டுக்கு அனுப்புங்க, போதும்."

அவள் ஃபோனை வைத்ததுமே அது மறுபடி ஒலித்தது.

"அம்மா, நான் ட்ரென்ட். வலி தெரியாம பந்து வீச, தோளுக்கு இன்னைக்கும் ஊசி போட்டாங்க."

"இப்படியே வீசினா கை விளங்காமப் போயிடும்னு டாக்டர் சொன்னார்ல? விட்டுட்டு வந்துடுடா."

"வரலாம்னுதான் இருந்தேன். ஆனா யாரோ டார்லாவாம். ரேடியோவுல தினமும் என்னைத் தண்டம்ங்கறாளாம். டீம்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. இன்னும் ரெண்டு ஊசி போட்டுக்கிட்டாவது நாளைக்கு ஆட்டத்துல அவ வாயை அடைக்கிறேன்மா."